கமராவை மாற்றுவதா? முறைமையையே மாற்றுவதா?

பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் நாலு பேர் கூடினால் அரசியலுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் விடயம் கமராதான். கடந்த சில மாதங்களில் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மூன்று பிராந்திய நிருபர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்களுள் ஒருவருடைய வார்த்தைகளிலேயே சொல்வதானால்: "அண்ணை, இதைத் திருத்திறதோ, இல்லாட்டி எல்லாத்தையும் வித்துப்போட்டு மிரர்லெஸ் எடுக்கிறதோ?" மூவருமே பத்து வருடங்களுக்கு மேலாக ஒரே கமராவை வைத்து உழைத்தவர்கள். பிடிமானத்தின் இறப்பர் வெயிலில் வீங்கிக் கழன்று, மின்கலம் பாதி நாளிலேயே இறந்து, ஷட்டரின் எண்ணிக்கை உற்பத்தியாளர் குறித்த அளவைத் தாண்டிய நிலையில் இருப்பவை அவர்களுடைய கமராக்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னவற்றை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். வேறு சிலருக்கும் பயன்படக்கூடும்.

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் செய்திப் படம் எடுப்போருள் மிகப் பெரும்பாலானோர் முறைமையை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டிய சிலரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மாற்றக் கூடாது. இது பழமையில் கொண்ட பற்றினால் சொல்லப்படுவதன்று. கணக்குப் பார்த்துச் சொல்லப்படுவது.

முறைமை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கடைக்காரர்கள் கமராவின் உடலையே கமரா என்று விற்கிறார்கள். ஆனால் ஒரு படப்பிடிப்பாளரின் பையில் உடல் ஒரு சிறு பங்குதான். வில்லைகள், பிளாஷ், மின்கலங்கள், மின்னேற்றி, நினைவக அட்டைகள், அவசரத்துக்குக் கைமாற்றாக வாங்கக்கூடிய சக நிருபரின் வில்லை, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அதைத் திறந்து திருத்தத் தெரிந்த ஒரு மனிதர், இருட்டில்கூடப் பொத்தானைத் தேடாமல் அழுத்தும் விரல்களின் பழக்கம் ஆகிய இவ்வளவும் சேர்ந்ததுதான் முறைமை. உடலைப் புதுப்பிப்பவர் ஒன்றை மாற்றுகிறார். முறைமையை மாற்றுபவர் இவை அனைத்தையும் மாற்றுகிறார். ஆனையை விற்றுவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதையாக, புதிய உடலுக்கு எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு அதனோடு வந்த மலிவு வில்லையோடு திண்டாடுகின்ற பலரை நான் கண்டிருக்கிறேன்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதுமல்ல. 1987 இல் கெனன் நிறுவனம் ஈ.ஓ.எஸ். வரிசையை அறிமுகப்படுத்தியபோது, 1971 முதல் தான் விற்றுவந்த எஃப்.டி. வில்லைகளை ஒரே வெட்டில் கைவிட்டது. பழைய வில்லை புதிய உடலில் பொருந்தாது. அந்த வில்லைகளுக்காக வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்ட உலகெங்குமுள்ள படப்பிடிப்பாளர்கள் கொதித்தார்கள். நிக்கோன் அவ்வாறு செய்யவில்லை. 1959 இல் நிக்கோன் எஃப் கமராவோடு வந்த வில்லைப் பொருத்தை, இடையிடையே சில திருத்தங்களுடன், அறுபது வருடங்கள் காத்தது. யார் செய்தது சரி என்ற வாதம் இன்றும் முடியவில்லை. நிக்கோன்காரர்கள் விசுவாசம் என்றார்கள். கெனன்காரர்கள், மின்னணு இணைப்பை மட்டுமே கொண்ட அகன்ற பொருத்தும், ஒவ்வொரு வில்லைக்குள்ளும் குவிய மோட்டாரும் வைத்ததால்தான் பின்னர் விளையாட்டுப் படப்பிடிப்பில் தாம் முன்னே போனோம் என்றார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் 2018 இல் அந்த அறுபது வருட விசுவாசத்துக்கும் முடிவு வந்தது. அவ்வருடம் நிக்கோன் இசட் பொருத்தையும் கெனன் ஆர்.எஃப். பொருத்தையும் கொண்டுவந்தன. உள்ளேயிருந்த கண்ணாடி எடுபட்டதால் வில்லைக்கும் உணரிக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்க முடிந்தது. நிக்கோனின் பழைய பொருத்தில் 46.5 மில்லிமீற்றராக இருந்த தூரம் புதியதில் 16 மில்லிமீற்றர். கெனனில் 44 இருந்து 20 ஆயிற்று. ஆகவே இன்று நிக்கோன் டி.எஸ்.எல்.ஆரிலிருந்து நிக்கோன் மிரர்லெஸ்ஸுக்குப் போகிறவர், "நான் கட்சி மாறவில்லை" என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் முறைமை மாறியே போகிறார். முகப்பிலுள்ள பெயர் மட்டும் பழையது. நம் அரசியல்வாதிகள் கட்சிப் பெயரை மாற்றிவிட்டுக் கொள்கையை மாற்றவில்லை என்பார்கள். இங்கே பெயரை மாற்றாமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள்.

நிறுவனங்களை நம்பி வாழ்நாள் முதலீடு செய்வோர் இன்னும் இரண்டு கதைகளை அறிந்திருப்பது நல்லது. 1985 இல் உடலுக்குள்ளேயே தானியங்கிக் குவியத்தைக் கொண்ட கமராவைச் சந்தையில் வெற்றிபெற வைத்த மினோல்டா, பின்னர் கொனிக்காவுடன் சேர்ந்து, 2006 இல் கமராத் தொழிலையே சொனியிடம் ஒப்படைத்தது. சொனி அந்த வில்லைப் பொருத்தைச் சில காலம் வளர்த்தது. பிறகு 2010 இல் தொடங்கிய தனது புதிய ஈ பொருத்தின் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டது. ஒலிம்பஸ் 2003 இல் ஃபோர் தேர்ட்ஸ் என்ற முறைமையை டிஜிட்டலுக்காகவே பிறந்தது என்று அறிமுகப்படுத்தியது. ஐந்தே வருடங்களில் பனசொனிக்குடன் சேர்ந்து அதன் கண்ணாடியில்லாத தம்பியை அறிவித்தது. மூத்ததைப் பிற்பாடு மறந்தது. 2021 தொடக்கத்தில் ஒலிம்பஸ் நிறுவனம் கமராத் தொழிலை விட்டே விலகியது. எந்த முறைமையும் நம் பேரப்பிள்ளைகள் வரை நிலைக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. "எதிர்காலம் மிரர்லெஸ்தான்" என்று சொல்லி விற்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் எதிர்காலம் எது என்பதைக் கொண்டு இன்றைய கையிருப்பைச் செலவிடுவது கமரா நிறுவனத்தின் தேவை. படப்பிடிப்பாளரின் தேவை அன்று. ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி 2010 இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமராக்கள் 120 மில்லியனுக்கு மேல். 2023 இல் அது 8 மில்லியனுக்கும் குறைவு. கைத்தொலைபேசி விழுங்கிய சந்தை அது. எஞ்சியிருப்பவர்களிடம் மீண்டும் மீண்டும் விற்றால்தான் அந்த நிறுவனங்கள் வாழலாம்.

இனிப் பணக் கணக்கு. வெளிநாட்டில் எழுதப்படும் கமரா விமர்சனங்களில் இந்தப் பகுதி இராது. 2018 இல் நிக்கோன் இசட் 6 வெளிவந்தபோது அதன் உடலின் விலை ஏறத்தாழ 2,000 டொலர். அப்போது டொலர் ஏறக்குறைய 160 ரூபா. எனவே 3 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. 2022 மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே 2,000 டொலர் 7 இலட்சத்து 20 ஆயிரம். அதன் பின்னர் ரூபா சற்றுத் தேறி 300 அளவில் நின்றாலும் அது 6 இலட்சம். 2024 ஜனவரி முதல் பெறுமதிசேர் வரி 18 சதவீதம் வேறு. இந்தக் காலத்தில் ஒரு பிராந்திய நிருபருக்குச் செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று பத்திரிகைகள் கொடுக்கும் தொகை இரண்டு மடங்கானதாக நான் அறியவில்லை. சில இடங்களில் குறைந்தது. 2022 மார்ச்சில் அச்சுத்தாள் இல்லாமல் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகியவற்றின் சனிக்கிழமைப் பதிப்புகளே நிறுத்தப்பட்ட நாடு இது. டொலரில் விலை குறித்த பொருளை, ரூபாவில் எண்ணிக்கொடுக்கும் சன்மானத்தைக் கொண்டு வாங்குகிறோம் என்பதை மறந்தால், மனைவியின் காப்பு அடைவுகடையிலிருந்து திரும்பி வராது.

சரி, பத்திரிகைக்கு எவ்வளவு கமரா வேண்டும்? 2007 இல் வந்த நிக்கோன் டி3, அடுத்த வருடம் வந்த டி700 ஆகியவற்றின் படம் 4,256 புள்ளி அகலம், 2,832 புள்ளி உயரம். அதாவது 12 மெகாபிக்சல். பத்திரிகைத் தாளில் அங்குலத்துக்கு 200 புள்ளிகள் தாராளமாகப் போதும். அதற்கு மேல் கொடுத்தாலும் அந்தத் தாளும் மையும் அதைக் காட்டமாட்டா. 4,256 ஐ 200 ஆல் வகுத்தால் 21 அங்குலம் வருகிறது. நம் நாட்டுப் பெரிய அளவு நாளிதழ் எதுவும் அவ்வளவு அகலமில்லை. முதற்பக்கம் முழுவதையும் ஒரே படத்தால் நிரப்பினாலும் அந்தப் பழைய கமரா மிச்சம் வைக்கும். இணையத்தளத்துக்கு 2,000 புள்ளி அகலம் போனாலே அதிகம். 1999 இல் நிக்கோன் டி1 வந்தபோது அதில் இருந்தது 2.7 மெகாபிக்சல், விலையோ 5,000 டொலருக்கு மேல். அதை வைத்தே உலகின் பெரிய செய்தி நிறுவனங்கள் பிலிமுக்கு விடை கொடுத்தன என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் முற்பகுதியில் இருந்தோர்க்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பொருளாதாரத் தடையில் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். மின்சாரம் அடியோடு இல்லை. நாளிதழ்கள் பாடசாலைக் கொப்பித் தாளில்கூட அச்சாகின. அந்நாட்களில் நிக்கோன் எஃப்.எம்.2, பென்ரக்ஸ் கே1000 போன்ற பொறிமுறைக் கமரா வைத்திருந்தவர் தொழில் செய்தார். மின்கலம் இல்லாமல் ஷட்டரே திறக்காத, அப்போதைய நவீன கமரா வைத்திருந்தவர் அதை அலுமாரியில் வைத்தார். எஃப்.எம்.2 இல் இரண்டு சின்னப் பொத்தான் மின்கலங்கள் ஒளிமானிக்கு மட்டுந்தான் தேவை. அவை இல்லாவிட்டால் கண்ணே ஒளிமானி: 400 வேகப் பிலிமென்றால் நல்ல வெயிலில் எஃப்/16, ஐந்நூறில் ஒரு விநாடி. மேகம் மூடினால் ஒரு படி திற. தொழில்நுட்பத்தில் பின்தங்கியது என்று கருதப்பட்டதே அந்த இடத்தில், அந்தக் காலத்தில் சிறந்த கமராவாக இருந்தது. எந்தக் கமரா சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால் "எங்கே?" என்ற கேள்வி நிற்கிறது.

அந்தப் பாடம் பழங்கதையாகிவிட்டது என்று எண்ணியிருந்தபோது 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தது. உற்பத்தியாளரின் நியம அளவீட்டின்படி, டி750 ஒரு முறை மின்னேற்றினால் எடுக்கக்கூடிய படங்கள் 1,230. இசட் 6 எடுக்கக்கூடியவை 310. நடைமுறையில் இரண்டுமே அதைவிடக் கூடுதலாக எடுக்கும் என்றாலும் விகிதம் ஏறக்குறைய அதுதான். மிரர்லெஸ் கமராவில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உணரியும் திரையும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கின்றன. டி.எஸ்.எல்.ஆரில் பார்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. கண்ணாடி சும்மா பிரதிபலிக்கிறது. நல்லூர்த் தேரன்று விடியற்காலை முதல் மத்தியானம் வரை நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் மூன்று மேலதிக மின்கலங்களின் விலை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிரர்லெஸ் கமராவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களுள் எடை குறைவு என்பது என்னை அசைக்கவில்லை. நல்ல வில்லையை மாட்டினால் எடை திரும்பி வந்துவிடுகிறது. கண்ணைத் தேடிப்பிடிக்கும் குவியம் நல்ல வசதி, ஆனால் அதில்லாமலும் நல்ல படம் எடுத்தோம். என்னை அசைத்தது ஒன்றே ஒன்று: சத்தமின்மை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். அந்தக் கொட்டில்களில் ஒரு தாய் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கி, பேச்சு அழுகையாக மாறுகின்ற அந்தக் கணத்தில், நாலைந்து கமராக்கள் "சடக் சடக்" என்று அடிக்கும் ஓசையைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தாய் நிமிர்ந்து பார்ப்பார். சில வேளை முகத்தைத் துடைத்துக்கொள்வார். படம் கெட்டது என்பதல்ல என் கவலை. அந்த அம்மாவின் அழுகைக்கு நடுவே நம் தொழிலின் சத்தம் நுழைகிறது. செத்தவீட்டிலும் வைத்தியசாலையிலும் இப்படித்தான். மின்னணு ஷட்டர் இதற்கு விடை. இவ்வகைப் படங்களையே பெரும்பாலும் எடுக்கின்ற ஒருவர் இதற்காக முறைமை மாறினால் நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: பல கமராக்களில் மின்னணு ஷட்டர் உணரியை வரிவரியாக மெதுவாக வாசிக்கிறது. குழல்விளக்கு வெளிச்சத்தில் படத்தில் பட்டை விழும். வேகமாக அசையும் பொருள் சாயும். பொறிமுறை ஷட்டரையே முற்றாக நீக்கிவிட்டு 2021 இல் வந்த நிக்கோன் இசட் 9 இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. அது நம்மில் எவர் கைக்கு எட்டும் விலையன்று.

இனி யார் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். இதில் எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. பையில் என்ன வில்லை இருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை.

கெனன் ஈ.எஃப். வில்லைகள் வைத்திருப்பவர் பாக்கியசாலி. கெனனின் இணைப்பியை மாட்டினால் 1987 முதல் வந்த ஈ.எஃப். வில்லைகள் ஆர் வரிசை உடல்களில் குவியம் உட்பட எல்லாவற்றோடும் இயங்குகின்றன. அன்று எஃப்.டி.காரர்களை அழவைத்த முடிவு இன்று ஈ.எஃப்.காரர்களைக் காப்பாற்றுகிறது என்பது வரலாற்றின் விளையாட்டு. மோட்டாரும் மின்னணுவும் தொடக்கத்திலிருந்தே வில்லைக்குள் இருந்தமையே காரணம். ஆகவே இவர் வில்லைகளை விற்கக் கூடாது. உடல் முற்றாகச் சாகும்வரை பழையதை வைத்திருந்து, செத்த பின் பாவித்த ஆர் உடல் ஒன்றும் இணைப்பியும் வாங்கினால் போதும். 2008 இல் 5டி மார்க் 2 உடன் வந்த எல்.பி.-ஈ6 மின்கலம்கூட ஆர் வரிசையின் பல உடல்களில் வேலை செய்யும்.

நிக்கோன்காரர்கள் இரு வகையினர். மோட்டார் உள்ளிருக்கும் ஏ.எஃப்.-எஸ். வில்லைகள் வைத்திருப்பவருக்கும் மேற்சொன்ன வழி ஏறக்குறைய பொருந்தும். ஆனால் நம் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் பலரின் பையில் இருப்பது பழைய ஏ.எஃப்.-டி வகை 80-200 எஃப்/2.8. இரும்புபோன்ற வில்லை அது. பாவித்த சந்தையில் மலிவாகக் கிடைத்ததால் இங்கே பரவியது. அதற்குள் மோட்டார் கிடையாது; உடலிலிருக்கும் மோட்டார் ஒரு திருகாணியைச் சுழற்றியே குவியம் செய்கிறது. நிக்கோனின் எஃப்.டி.இசட். இணைப்பியில் அந்தத் திருகாணி இல்லை. இசட் உடலில் மாட்டினால் கையால் திருப்பித்தான் குவியம் செய்ய வேண்டும். இதை அறியாமல், "நிக்கோன்தானே, எல்லாம் பொருந்தும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி உடல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இவ்வகை வில்லை வைத்திருப்போருக்கு என் ஆலோசனை: பாவித்த டி750 அல்லது டி700 ஒன்றைத் தேடுங்கள். உலகெங்கும் ஆட்கள் மிரர்லெஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அவர்கள் கழித்துவிட்டுப் போகும் உடல்களின் விலை சரிந்துகொண்டிருக்கிறது. நமக்கு அது அறுவடைக் காலம். இரண்டில் டி750 நல்லது. அதன் ஈ.என்.-ஈ.எல்.15 மின்கலக் குடும்பம் பின்னர் இசட் 6 வரை தொடர்ந்தது. நாளை மாறினாலும் மின்னேற்றி வீண்போகாது. டி700 இன் மின்கலம் பழைய வகை.

ஒரே ஒரு பொதிவில்லையுடன் சின்ன உணரிக் கமரா வைத்திருக்கும் புதியவருக்கு இந்தப் பந்தங்கள் எதுவும் இல்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவரே முறைமை மாறத் தகுந்தவர். அவர் இன்று தொடங்குவதானால் மிரர்லெஸ்ஸில் தொடங்குவதே முறை. வெளியார் தயாரிக்கும் சிக்மா, டம்ரொன் வில்லைகள் தாராளமாகக் கிடைப்பதால் சொனியின் ஈ பொருத்து சிக்கனக்காரருக்கு நல்லது. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் 2020 இல் தனது படப்பிடிப்பாளர்கள் அனைவரையும் சொனிக்கு மாற்றுவதாக அறிவித்தபோது இங்கும் பலர் அதை மேற்கோள் காட்டி மாறத் துடித்தார்கள். அசோசியேட்டட் பிரஸ்ஸில் கமராவை நிறுவனம் வாங்கிக் கொடுக்கிறது. நம் நிருபர் தானே வாங்குகிறார். இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டு எந்த உதாரணத்தைக் காட்டினாலும் பயனில்லை.

அதைப் பற்றியும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். கொழும்பிலுள்ள ஆசிரியபீடங்கள் பிராந்திய நிருபரிடம் படம் கேட்கின்றன, உடனே கேட்கின்றன, தெளிவாகக் கேட்கின்றன. ஆர்ப்பாட்டத்தில் தண்ணீர்த் தாரையில் நனைந்து அவருடைய கமரா செத்தால் அது அவருடைய சொந்த நட்டம். முச்சக்கரவண்டிக்காரருக்குக்கூட வண்டிக்குக் காப்புறுதி இருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் உடலும் இரண்டு வில்லைகளும் பொதுவில் வாங்கி வைப்பது எந்தப் பெரிய பத்திரிகையாலும் செய்ய முடியாத காரியமன்று. செய்யமாட்டார்கள், கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். 2013 இல் சிக்காகோ சன்-டைம்ஸ் தனது படப்பிடிப்பாளர்கள் 28 பேரையும் ஒரே நாளில் நீக்கிவிட்டு நிருபர்களுக்குத் தொலைபேசியில் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தது. அமெரிக்காவில் செய்ததையே நாமும் செய்கிறோம் என்று பெருமைப்படவும் ஆட்கள் இருப்பார்கள்.

புதிய கமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் எதை வாங்க வேண்டும் என்று கேட்டால், இரண்டு வன்தட்டுகளை வாங்குங்கள் என்பேன். மூவரில் ஒருவரிடம், பழைய படங்கள் எங்கே என்று கேட்டேன். மடிக்கணினியில் என்றார். அதற்கும் முந்தியவை? டி.வி.டி. தட்டுகளில் இருந்தன, இப்போது திறக்கவில்லை என்றார். 2009 க்கு முன்னும் பின்னும் வன்னியில் எடுத்த படங்கள் அவை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தவர்களைப் பற்றி வருடந்தோறும் எழுதுகிறோம். நம்முடைய கையாலேயே இப்போது ஆவணம் அழிகிறது, நெருப்பில்லாமல். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு ஊரில் உறவினர் வீட்டில். மூன்று வருடத்துக்கொருமுறை புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும். படத்தோடு திகதி, இடம், ஆட்களின் பெயர் எழுதிவைக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றே முதலில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி'யின் திருகோணமலை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்த ஜனவரி 24 ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் என்ன கமரா வைத்திருந்தார், எத்தனை மெகாபிக்சல் என்று இன்றுவரை எவரும் கேட்டதில்லை. அந்தப் படங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்கிறார்கள்.

வன்தட்டுக்கு அடுத்ததாக வாங்க வேண்டியது ஈரத்தடுப்புப் பெட்டி. கொழும்பின் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. வில்லைக்கு உகந்தது 40 முதல் 50 வரை. தோற்பைக்குள் போட்டுப் பூட்டிவைத்த வில்லையில் ஒரு மாரி காலத்துக்குள் சிலந்திவலைபோலப் பூஞ்சணம் படரும். அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரிக்கும். துடைத்தாலும் தழும்பு போகாது. மின்சாரப் பெட்டிக்கு வசதியில்லாவிட்டால், இறுக மூடும் பிளாஸ்ரிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறியதும் ஜெல்லை மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசிப் பானைக்குள் வைக்கும் கைவைத்தியம் வேண்டாம். அரிசித் தூள் உள்ளே போகும்.

ஷட்டர் எண்ணிக்கை பற்றிப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். டி750 க்கு 150,000, டி3 க்கு 300,000, டி4 க்கு 400,000 என்று உற்பத்தியாளர் குறிப்பது பரிசோதித்த அளவு, மரண நாளன்று. அதற்கு மேல் நெடுந்தூரம் ஓடுபவை உண்டு, முன்பே போவனவும் உண்டு. ஷட்டர் போனால் புதிது போடலாம். கைதேர்ந்த திருத்துநரிடம் அது அரை நாள் வேலை. ஆனால் உதிரிப்பாகம் என்றைக்கும் கிடைக்காது. ஒரு மொடலின் உற்பத்தி நின்றபின் வழமையாகச் சில வருடங்களே பாகங்கள் வைத்திருப்பார்கள். அதனால் திருத்துவதென்று தீர்மானித்தவர் ஒத்திப்போடக் கூடாது. திருத்தச் செலவு அதே மொடலின் பாவித்த நல்ல உடல் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் பாவித்ததை வாங்கிவிட்டுப் பழையதைப் பாகங்களுக்காக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் உங்களிற் பலர் புதிய கமராவுக்கு மாறியிருப்பீர்கள். பழையது அலுமாரியில் கிடக்கும். ஊரில் எழுதும், படமெடுக்கும் ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுக்க நினைத்தால், முதலில் அவரிடம் என்ன வில்லை இருக்கிறது என்று கேளுங்கள். கெனன்காரருக்கு நிக்கோன் உடல் அனுப்பினால் அது அன்பளிப்பன்று, சிக்கல். உடலைவிட வில்லை அனுப்புவது மேல். வில்லை நீண்டகாலம் உழைக்கும். அனுப்புமுன் இருட்டறையில் கைவிளக்கை வில்லையின் பின்புறமாகப் பிடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள்; ஒரு வில்லையின் நோய் பையிலுள்ள மற்றதற்கும் தொற்றும். ஊருக்கு வருகிற ஒருவரின் கைப்பையில் கொடுத்துவிடுவது பொதியில் அனுப்புவதைவிடப் பாதுகாப்பு. அதோடு மின்னேற்றியையும் மறக்காமல் வையுங்கள். போன வருடம் வந்த இரண்டு கமராக்கள் அது இல்லாமல்தான் வந்தன.